மருந்தின்றி நோவாற்றிய வரலாறு

நோவு மனிதனோடு பிறந்தது. அதனை ஆற்றும் முயற்சியும் அவனோடு பிறந்ததே. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து தேடிய சரித்திரத்தை நாம் பள்ளிப் புத்தகங்களிற் படித்துள்ளோம். மாதக் கணக்காகவும் ஆண்டுக் கணக்காகவும் உடலை விட்டகலாத நெடுநோவைக் குளிசையின்றி ஆற்ற முயன்ற சரித்திரமோ எமக்கு எவரும் கற்பித்ததன்று.

வன்னிப் பெருநிலத்தில் வாழும் எமக்கு இது வெறும் ஏட்டுப் பொருளன்று. நாரிப்பிடிப்பு, கைகால் உளைவு, உடம்பெல்லாம் நோவு என்று சொல்லும் தாயோ பாட்டியோ இல்லாத வீடுகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எத்தனை உண்டு? ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கின்றனர், இரத்தம் சோதிக்கின்றனர், "ஒன்றுமில்லை" என்ற விடை வருகின்றது. அதன்பின் வீட்டார் அந் நோவைச் சாட்டென்று எண்ணத் தொடங்குகின்றனர். அந்த "ஒன்றுமில்லை" என்னும் சொல் எவ்வளவு தூரம் மெய் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

முதலில் எமது முன்னோர் கண்ட வழியை நோக்குவோம். சித்த வைத்தியம் அக மருந்து 32, புற மருந்து 32 எனச் சிகிச்சையை வகுத்தது. புறத்தே செய்யும் முறைகளிற் கட்டு, பற்று, ஒற்றடம், வேது, தொக்கணம் என்பன நோவுக்குச் சிறப்பாக உரியவை. கையால் உடலைப் பிடித்துத் தேய்க்கும் தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பகுத்தனர். யாழ்ப்பாணத்து அரசர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஈழத்தில் இக்கலை பெற்றிருந்த மதிப்பைக் காட்டுவன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றி அழியாது காத்தார். ஏடறியாத வீடுகளிலும் தவிட்டையோ உப்பையோ வறுத்துச் சீலையில் முடிந்து ஒற்றடம் கொடுக்கவும், நொச்சியிலை அவித்து வேது பிடிக்கவும் பாட்டிமார் அறிந்திருந்தனர்.

வள்ளுவர் "மருந்து" என்று பெயரிட்ட அதிகாரத்திற் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கியதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவ்வதிகாரத்தின் முடிவில், நோயுற்றவன், வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து உதவுபவன் என நான்கு கூறுகளை அவர் எண்ணுகின்றார். நான்கில் மருந்து ஒன்றே. ஏனைய மூன்றும் மனிதர்! இதனை வாசகர் மனத்திற் கொள்வாராக.

மேல்நாட்டு வைத்தியம் வடபுலத்தில் வேரூன்றியது அமெரிக்க மிஷனறிமாரால். 1847இல் இலங்கைக்கு வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். நெடுநோவு பற்றிய சரித்திரத்தில் அவருக்கென்ன இடம் என்று கேட்கலாம். நோயாளிக்கு விளங்கும் மொழியில் வைத்தியத்தைப் பேசவேண்டும் என்னும் கொள்கைக்கு அவர் வாழ்வு சான்றாகும். அக்கொள்கை நெடுநோவுச் சிகிச்சையில் முதற்படியாக இன்று மதிக்கப்படுவதைப் பின்னர்க் காண்போம்.

1904இல் பிரித்தானிய வைத்தியர் வில்லியம் கவர்ஸ், முதுகுநோவு பற்றிய விரிவுரையில், தசைநார்கள் அழலுற்று நோகின்றன எனக் கருதி "பைப்ரோசைற்றிஸ்" என்னும் பெயரை வழங்கினார். ஆயின் தேடிய அழற்சியைக் காண முடியவில்லை. காண முடியாமையால், இது மனப்பிரமையே என்ற எண்ணமும் வைத்தியரிடையே வலுத்தது. 1975இல் கனடாவில் மொல்டொவ்ஸ்கி என்பாரும் அவர் கூட்டத்தாரும் ஓர் உண்மையைக் கண்டனர். நற்சுகமுடையோரின் ஆழ்ந்த உறக்கத்தைக் கலைத்தபோது, அவர்களுக்கும் இத்தகைய தசைநோவு தோன்றியது. அடுத்த ஆண்டு இந்நோய்க்குப் "பைப்ரோமயால்ஜியா" என்ற பெயர் வந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கழகம், உடலில் 18 இடங்களைக் குறித்து, அவற்றில் 11 இடங்களேனும் அழுத்தும்போது நொந்தால் இந்நோயெனக் கொள்ளலாம் என வகுத்தது. 2010இல் உறக்கம், களைப்பு, மறதி ஆகியவற்றையும் கணக்கிற் கொண்டு அவ்விதியைத் திருத்தியது. உலக சுகாதார தாபனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவு தனி இடம் பெற்றது.

நோவு எவ்வாறு தோன்றுகின்றது? 1965இல் மெல்சாக், வோல் என்னும் இருவர், முள்ளந்தண்டு நரம்பில் ஒரு வாயில் உண்டு என்ற கருத்தை வெளியிட்டனர். காயத்தின் செய்தி அவ்வாயிலூடாகவே மூளைக்குச் செல்லும். தொடுகையின் செய்தி மிகுமாயின் வாயில் ஓரளவு மூடும். முழங்கால் கல்லில் அடிபட்டவுடன் கை தானே சென்று தேய்ப்பதன் காரணம் இதனால் விளங்குகின்றது. பாட்டியின் ஒற்றடத்துக்கும் இவ்வாறே விளக்கம் கூறலாம். நெடுநோவிலோ, கேட்கும் கருவியே உரத்துவிடுகின்றது. திருவிழா ஒலிபெருக்கியை அளவு மீறித் திருப்பிவிட்டால் மெல்லிய பேச்சும் காதைத் துளைப்பதுபோல, நரம்பும் மூளையும் சிறு தொடுகையையும் நோவாகப் பெருக்குகின்றன. எக்ஸ்றே எலும்பைக் காட்டும், இப்பெருக்கத்தைக் காட்டாது. ஆகவே "படத்தில் ஒன்றுமில்லை" என்பது மெய். "நோவில்லை" என்பது பொய்.

உறக்கமின்மையும் அச்சமும் துயரும் இப்பெருக்கத்தை மிகுவிக்கும். வன்னி மக்கள் பட்டதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மக்களோடு ஆஸ்பத்திரிகளும் இடம்பெயர்ந்தன. பின்னர் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் செட்டிகுளம் மனிக் பாம் உட்பட்ட முகாம்களில் அடைபட்டனர். மனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் ஆராய்ந்தெழுதினார். அதற்கு முன்னரே, 2002இல், மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல், செபம் போன்ற மரபுவழிச் சாந்த முறைகளை அவரவர் சமயத்துக்கேற்பச் சிகிச்சையிற் கையாண்டதை விவரித்திருந்தார். எமது மக்களின் துயர் பெரும்பாலும் உடலின் வாயிலாகவே பேசும் என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

இன்றைய அறிவியல் எவ்வழியை முன்வைக்கின்றது? வாத நோய்களுக்கான ஐரோப்பியக் கழகம் 2016இல் திருத்திய விதிகளில், முதலில் நோயாளிக்கு நோயை விளக்குக என்றது. அடுத்து, மருந்தல்லாத முறைகளைக் கைக்கொள்க என்றது. அவற்றுள் தேகப்பயிற்சி ஒன்றையே அது உறுதியாக விதந்துரைத்தது. யோகம், நீர்ச் சிகிச்சை, அக்குபங்சர், மனப்பயிற்சி ஆகியவற்றுக்கு ஓரளவு ஆதரவு தந்தது. தொக்கணம் போன்ற பிடிப்பு முறைகளுக்கு அத்தகைய ஆதரவு கிட்டவில்லை. இதனை மறைப்பது முறையன்று. ஒற்றடமும் தேய்த்தலும் அப்போதைக்கு ஆறுதல் தரும். நீடித்த பயன் உடல் அசைவிலேயே உள்ளது. 2018இல் அமெரிக்காவில் 226 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், சீனரின் தாய்ச்சி என்னும் மெல்லசைவுப் பயிற்சி, ஏனைய தேகப்பயிற்சிக்குக் குறையாத பயனைத் தந்தது. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டியும் 2021இல், காரணம் புலப்படாத நெடுநோவுக்கு நோக்குளிசைகளைத் தொடங்காது பயிற்சியை நாடுமாறு கூறிற்று.

பயிற்சியென்றதும் அஞ்சவேண்டா. முதல் வாரம் ஐந்து நிமிட நடை போதும். வாரந்தோறும் சிறிது கூட்டுக. நோவு குறைந்த நாளில் வயல்வேலை முழுவதையும் ஒருங்கே செய்து, மறு இரண்டு நாள் பாயிற் கிடப்பதே பெருந்தவறு. வேலையைப் பங்கிட்டு இடையிடையே இளைப்பாறுக. உறங்கும் நேரத்தை ஒழுங்காக்குக. வீக்கம், காய்ச்சல், மெலிவு, கைகால் மரத்தல் ஆகியன காணின் வைத்தியரை நாடுக. வைத்தியர் தந்த மருந்தை அவரைக் கேளாது நிறுத்தற்க.

பெரியோர்களே! உங்கள் நோவு சாட்டன்று. அதனை வாய்விட்டுச் சொல்ல நாணவேண்டா. வாலிபத் தோழர்களே! "ஒன்றுமில்லை" என்ற சொல்லை எம் வீடுகளிலிருந்து முதலில் நாம் அகற்றுவோம். வள்ளுவர் எண்ணிய நான்காம் கூறாகிய பக்கத்துணை நாமே. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் எம் முன்னோர் உழைப்பால் எழுந்த குளக்கட்டுகள் நீண்டு கிடக்கின்றன. வெயில் தணிந்த மாலையில் ஒரு தாயையோ தந்தையையோ அழைத்து, அவர் நடைக்கேற்ப அக்கட்டில் நாமும் நடப்போமாக. அதற்குப் பணமும் வேண்டா, பட்டமும் வேண்டா.