பட்டியல் கசிந்தால் யாருக்கு ஆபத்து?

மாணவர்களே, வரி ஏய்ப்பைத் தடுக்க, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2022-இல் ஒரு விதிமுறையை வகுத்தது. கிரிப்டோ நாணயச் சந்தைகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பரிவர்த்தனைத் தொகை ஆகியவற்றை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நோக்கம் நியாயமானதுதான். ஆனா, அந்தப் பட்டியல் கசிந்தால்?

2020-இல் கிரிப்டோ பாதுகாப்புக் கருவி விற்கும் பிரான்சின் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து சுமார் 272,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் வெளியாகின. பலருக்கு மிரட்டல் வந்தது. கிரிப்டோவை ஒருமுறை அனுப்பிட்டா திரும்பப் பெற முடியாது. அதனாலதான் திருடன் ஆளையே தேடி வர்றான். 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தின் இணை நிறுவனர் கடத்தப்பட்டு, விரல் துண்டிக்கப்பட்டார். அவர் ஊரறிந்தவர். பட்டியல் கசிந்தாலோ சாதாரண மனிதரும் அடையாளம் காணப்படுவார்.

கட்டுரையில் வரி நியாயத்தை எழுதுங்கள். பட்டியலைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்றும் கேளுங்கள்.