பெட்ரோல் பங்க் மாடியில் ஒரு ஐரோப்பா

கொல்கத்தாவுக்கு நம்மூரிலிருந்து யார் வந்தாலும் மூன்று கேள்வி நிச்சயம். ஹௌரா பாலம் எவ்வளவு தூரம், ரசகுல்லா எந்தக் கடையில் நல்லாருக்கும், இட்லி கிடைக்குமா. முதல் இரண்டுக்கும் டாக்ஸிக்காரரே பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதுக்கு லேக் மார்க்கெட் பக்கம் கைகாட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். யாருமே கேட்காத நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நானே கேட்டு நானே பதிலும் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் நூடுல்ஸ் எங்கே சாப்பிடுவது?

சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி கணேஷ் சந்திர அவென்யூவில் கொஞ்சம் நடந்தால் ஒரு பெட்ரோல் பங்க் வரும். அதற்கு மேலே, மாடியில் இருக்கிறது ‘ஓ சியூ’. 1920களில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே சீனக் குடும்பம் நடத்திவரும் சாப்பாட்டுக் கடை. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி இருக்கும். மாடியேறித்தான் போக வேண்டும். உள்ளே பெரிய ஜோடனை எதுவும் கிடையாது.

பெயரைக் கவனியுங்கள். சீனத்தில் ஐரோப்பாவுக்கு உள்ள சொல்லைத்தான் கான்டன் உச்சரிப்பில் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட ஊரில் சீனர் வைத்த கடைக்குப் பெயர் ஐரோப்பா! பிழைக்க வந்த ஊரில் யார் கையில் காசு இருக்கிறது என்று தெரிந்து போர்டு வைப்பது நமக்கும் புதிதல்லவே. மெட்ராஸ் கஃபே என்றும் உடுப்பி ஹோம் என்றும் நம்மாட்கள் போர்டு வைக்காத ஊர் ஏது?

மத்தியானம் போனால் பக்கத்து ஆபீஸ்காரர்கள் இருப்பார்கள். டல்ஹௌசி பக்கத்து பேங்க்காரர்களும் உண்டு (கையெழுத்து போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காணாமல் போகிற கூட்டம், எனக்கு நன்றாகத் தெரியும்). ஞாயிற்றுக்கிழமை என்றால் வங்காளிக் குடும்பங்கள். இதில் பார்க்க வேண்டியது பாட்டிமார்களை. மெனு கார்டைத் திறக்கவே மாட்டார்கள். கல்யாணமான புதிதில் என்ன சாப்பிட்டார்களோ அதையேதான் இன்றும் கேட்பார்கள். பேரன் புதிதாக ஏதாவது சொன்னால் ஒரு முறை முறைப்பார்கள். வங்காளிக்குச் சீனச் சாப்பாடு வெளியூர்ச் சாப்பாடே இல்லை. நமக்கு உடுப்பி ஓட்டல் எப்படியோ அப்படி.

இங்கே பேர்பெற்றது சிம்னி சூப். நடுவில் புகைபோக்கி வைத்த உலோகப் பாத்திரம், புகைபோக்கிக்குள் கரி நெருப்பு, சுற்றிலும் கொதிக்கிற சூப். அதில் கோழி, இறால், மீன், பன்றி இறைச்சி, முட்டை, கீரை எல்லாம். மேசைக்கு வந்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். திடீரென்று போய் நின்று கேட்டால் கிடைக்காது. அப்புறம் ஜோசஃபின் நூடுல்ஸ் என்று ஒன்று. அந்தக் குடும்பத்துப் பெண்மணியின் பெயரையே வைத்தது. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘வெஜ்’ என்று மட்டும் சொன்னால் பொதுவாகச் சீனக் கடைகளில் முட்டையும் கோழிச் சாறும் அதற்குள்ளேயே அடக்கம். தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சீனர் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள்? பி.காம் படித்தவன் சரித்திரம் சொன்னால் கொஞ்சம் கணக்கும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது டோங் ஆச்சூ என்ற சீன வணிகர் இங்கே வந்து இறங்கினார். பட்ஜ் பட்ஜ் அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் 650 பிகா நிலம், வருடத்துக்கு 45 ரூபாய் குத்தகை. கரும்பு போட்டு சர்க்கரை ஆலை வைத்தார், சீனாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். சீக்கிரமே செத்தும் போனார். அந்த இடத்துக்கு இன்றும் பெயர் அச்சிப்பூர். சீனப் புத்தாண்டுக்குக் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே போய் அவர் சமாதியில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருகிறார்கள். குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போகிற மாதிரிதான்.

ஆலை போன பிறகு ஆட்கள் நகரத்துக்கு வந்தார்கள். டிரெட்டா பஜார் என்று இத்தாலிக்காரர் ஒருவர் பெயரில் இருந்த சந்தையைச் சுற்றிக் குடியேறினார்கள். பின்னாளில் வந்தவர்களும் அங்கேதான். கான்டன்காரர்கள் தச்சர்கள், துறைமுகத்தில் கப்பல் வேலை. ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியர்கள். ஹக்காக்கள் தோலும் செருப்பும். பென்டிங்க் தெருவில் ஷூ வாங்கியவர்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், சீனர் கடையில் காலை அளந்து தைத்த கதை வரும். சங்கங்களும் கோயில்களும் அதே தெருக்களில். டூங் ஆன் கோயிலின் கீழ்த்தளத்தில் ‘நான்கிங்’ என்ற ஓட்டல் 1920களிலிருந்து பல காலம் கொடிகட்டிப் பறந்தது. பிறகு மூடிவிட்டார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போத்தார் கோர்ட் பக்கம் போனால் இன்றும் ஆவி பறக்க மீன் உருண்டை சூப்பும், உள்ளே கறி வைத்த பாவும் (நம்ம பூரணக் கொழுக்கட்டையின் அசைவ அண்ணன்) விற்கிறார்கள். எட்டரைக்குப் போனால் காலிப் பாத்திரத்தைத்தான் பார்க்கலாம்.

நூடுல்ஸ் சங்கதிக்கு வருகிறேன். கோதுமை மாவு எப்படி அப்படி இழுபடுகிறது, ஏன் மஞ்சள் நிறம் என்று யோசித்ததுண்டா? மாவில் கார உப்பு சேர்க்கிறார்கள். நம் பாட்டிகள் அப்பள மாவில் அப்பளக்காரம் போட்டுப் பிசைவார்களே, கிட்டத்தட்ட அதே வித்தை. இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் கொள்ளைக் காசு கொடுத்து ஜப்பான் ‘ராமென்’ சாப்பிடுகிறார்களே, அதன் உயிரும் இந்தக் காரத்தில்தான் இருக்கிறது. ராமென் என்ற பெயரே சீனச் சொல்லிலிருந்து வந்தது. 1910இல் டோக்கியோவின் அசாகுசாவில் ராய்ராய்கென் என்ற கடையைத் தொடங்கிய ஜப்பானியர், யோகோஹாமா சீனர் தெருவிலிருந்து சமையல்காரர்களைக் கூட்டி வந்துதான் அடுப்பு மூட்டினார். தென்சீனத்திலிருந்து பிழைக்கப் போனவர்களின் கைப்பக்குவம் யோகோஹாமாவில் ராமென் ஆயிற்று. கல்கத்தாவில் பச்சை மிளகாயும் சோயா சாஸும் சேர்ந்து ஹக்கா நூடுல்ஸும் சில்லி சிக்கனும் ஆயிற்று. அங்கே அது தேசிய உணவு என்ற அந்தஸ்து வரை போய்விட்டது. இங்கே சமைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

1962 அக்டோபர் 20. எல்லையில் சண்டை மூண்டது. ஒரு மாதத்தில் போர் முடிந்தது, ஆனால் போரோடு வந்த சட்டங்கள் அப்படி முடியவில்லை. போரிடும் நாட்டின் குடிமகனாக நீங்கள் இருக்க வேண்டியதில்லை, உங்கள் அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ என்றைக்காவது அந்த நாட்டுக் குடிகளாக இருந்திருந்தால் போதும், உங்களை அந்நியராக நடத்தலாம் என்று எழுதிவிட்டார்கள். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். தாத்தா!

அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கங்களிலிருந்து பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் உட்பட சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். முகாம் முழுதாகக் காலியாக 1967 ஆயிற்று. 1963இல் சீனா கப்பல் அனுப்பி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிப் போனது. அவர்களில் பலர் சீனாவைப் பார்த்தே இராதவர்கள். மிச்சம் இருந்தவர்கள் திரும்பி வந்தபோது பலருடைய வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. ரொம்ப வருடம் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2010இல் ரீத்தா சௌத்ரி ‘மாகாம்’ என்று அஸ்ஸாமிய நாவல் எழுதினார். 2020இல் ஜாய் மாவும் திலீப் டிசோசாவும் சேர்ந்து ‘தி தேவ்லிவாலாஸ்’ என்ற ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்தார்கள். ஜாய் மா அந்த முகாமிலேயே பிறந்தவர்.

கல்கத்தாவிலிருந்து பிடித்துப் போனது குறைவு. ஆனால் இங்கேயும் போலீசில் பதிவு, வெளியூர் போக அனுமதி, சந்தேகப் பார்வை எல்லாம் உண்டு. என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்: பேங்க் ஆஃப் சைனாவின் கல்கத்தா, பம்பாய் கிளைகள் அந்தப் போரோடு மூடப்பட்டன. மறுபடி இந்தியாவில் உரிமம் கிடைத்தது 2018இல்தான். சீனர்களிடையே ‘ஹுய்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. பத்துப் பேர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் எடுப்பது, அதாவது நம்ம சீட்டு! கையில் குடியுரிமைக் காகிதம் இல்லாதவனுக்குக் கடன் கொடுக்க பேங்க் யோசிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் யோசிக்க மாட்டான். எத்தனையோ சின்னக் கடைகளுக்கு முதல் வந்த வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு விசித்திரம் பாருங்கள். அதே 1962 மார்ச் 2ஆம் தேதி பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்தில் கடைகள் தேசியமயம், 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கையில் நோட்டு இல்லை, நாக்கில் ருசி இருந்தது. பாரிமுனை பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ போட்டார்கள். கலர் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, பிழிந்த புளிப்பு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். கல்கத்தாச் சீனரை அந்நியர் என்று நாம் பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில், நம்மை அந்நியர் என்று ரங்கூனில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சோறு போட்டது நூடுல்ஸ்தான் என்றால் சிரிப்பதா அழுவதா?

ஒரு காலத்தில் இருபதாயிரம் சீனர் இருந்த ஊர் இது என்பார்கள். இப்போது இரண்டாயிரம் சொச்சம் என்கிறார்கள். 1996இல் சுற்றுச்சூழல் வழக்கில் தோல் பதனிடும் ஆலைகள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு டாங்ராவின் ஹக்காக்கள் ஆலை இருந்த இடங்களிலும் ஓட்டல்களைப் பெருக்கினார்கள். அங்கே ஒரு சீனக் காளி கோயில் இருக்கிறது, நூடுல்ஸ்தான் பிரசாதம். சத்தியமாக! போட்டோவைக் காட்டினால் என் மாமியார் நம்பவில்லை.

பிள்ளைகள் முக்கால்வாசி வெளிநாடு போய்விட்டார்கள், நம் பிள்ளைகள் போகிற அதே ஊர்களுக்கு. டொராண்டோவில் ‘ஹக்கா’ என்று போர்டு போட்ட கடைகள் ஏகப்பட்டது உண்டு. அவற்றில் பலவும் டாங்ராவிலிருந்து போனவர்கள் வைத்தது. ஸ்கார்பரோ பக்கத்து யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமை ராத்திரி வரிசையில் நின்று சில்லி சிக்கனும் நூடுல்ஸும் வாங்கிப் போகிறார்கள். கல்லாவில் இருப்பவர் ஐம்பது அறுபது வயதுச் சீனராக இருந்தால், பில் கொடுக்கும்போது ‘கேமோன் ஆச்சேன்?’ என்று வங்காளத்தில் ஒரு வார்த்தை நலம் விசாரித்துப் பாருங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.