கங்காணி

கங்காணி: தென்னிந்தியா, இலங்கை, மலாயா ஆகிய இடங்களின் காபி, தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் திரட்டி வந்து, அவர்களிடம் வேலையும் வாங்கிய மேற்பார்வையாளர். தோட்டத்தை நடத்திய துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்றவர்.

வகைகள்: இலங்கையில் இருவகைக் கங்காணிகள் இருந்தனர். சில்லறைக் கங்காணி தன் உறவினரும் ஊர்க்காரரும் அடங்கிய சிறு குழுவின் தலைவர். இத்தகைய குழுக்கள் பலவற்றுக்கு மேலே பெரிய கங்காணி. ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் கட்டி வந்தவர் இவர். அன்றாடம் வேலைக்கு இறங்கிய ஆட்களின் எண்ணிக்கைப்படி பெரிய கங்காணிக்குத் தலைக்காசும் சில்லறைக் கங்காணிக்குப் பென்ஸ் காசும் கிடைத்தன. ஆகவே, காய்ச்சலில் கிடப்பவரையும் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) எழுப்பிப் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) நிறுத்துவது இருவருக்கும் லாபமாக இருந்தது. தொழிலாளியின் கடன் எழுதிய துண்டுச்சீட்டைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. கங்காணியைக் குடும்பத் தலைவராகக் காட்டும் துரைமார் குறிப்புகள் மிகையானவை. அவர் அதிகாரத்தின் வேர் கடன் கணக்கே. இலங்கையில் இந்தத் துண்டுச்சீட்டு முறை 1921இல் ஒழிந்தது. மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தபின் அங்கே கங்காணி வழி ஆள்சேர்ப்பு நின்றது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் கங்காணி முறையின் கொடுமையைப் பதிவு செய்தது. தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’.

தொழில் பழகுதல்: புதிய கங்காணிக்குப் பள்ளி எதுவும் இருக்கவில்லை. நிரையில் நின்று கொழுந்தெடுத்தவரே மேலே வந்தார். விடியலில் பேர் போடுவது (வருகை பதிவது), மலைச்சரிவுக்கும் ஆளின் தெம்புக்கும் ஏற்ப நிரை பிரிப்பது, கூடையில் முற்றிய இலை கலந்திருப்பதைக் கண்டுபிடிப்பது, நிறுவையில் சச்சரவு வராமல் பார்ப்பது ஆகியவை பழக்கத்தில் வந்தன. காபியில் இன்னொரு நுட்பம் வேண்டும்: பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை, எந்தக் காட்டுக்கு எப்போது மறுசுற்று என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் திறனைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வசவே பாடமாக இருந்தது.

இதற்கு மாறாக, மேற்பார்வையையே ஒரு கல்வியாக வகுத்தது இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்கா. போருக்குப் போனவர்களின் இடத்தில் வந்த புதியவர்களைப் பழக்க, மேற்பார்வையாளருக்கு மூன்று குறும்பயிற்சிகள் அளிக்கப்பட்டன: வேலை கற்பித்தல், வேலையாட்களுடன் உறவு, வேலைமுறையைத் திருத்துதல். கற்பித்தலுக்கு நான்கு படிகள்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்யச் சொல், பின்தொடர்ந்து பார். இந்தியாவில் ஜெர்மனியின் உதவியோடு 1971இல் பெங்களூரில் போர்மேன் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அது ஆலைகளுக்கானது, தோட்டத்துக்கானதன்று.

பழனி மலையில்: தாண்டிக்குடி போன்ற கீழ்மலை ஊர்கள் காபி நிலம். மேல்மலையிலுள்ள கூக்கால், மன்னவனூர், பூம்பாறை ஆகியவை பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் சிறு உழவர் ஊர்கள். இந்த மேல்மலை ஊர்களில் கங்காணிக்கு இடமில்லை. விதைப்பு முதல் அறுப்பு வரை காட்டுக்காரரே மேற்பார்வையாளர்.

இன்றைய நிலை: பல தோட்டங்களில் சூப்பர்வைசர் என்ற பெயர் வழங்குகிறது. ஆள்சேர்ப்பும் கடனும் அவர் கையில் இல்லை; பேர் போடும் வேலை மட்டும் தொடர்கிறது.