ஆனி டர்ன்போ மலோன்

மலோன், ஆனி டர்ன்போ (1869–1957): அமெரிக்கக் கறுப்பினப் பெண் தொழில்முனைவர், கூந்தல் பராமரிப்புத் தொழிலின் முன்னோடி, ‘போரோ’ நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

இளமை: இலினாய் மாநிலத்து மெட்ரோபோலிஸில் பிறந்தார். தந்தை ராபர்ட் டர்ன்போ உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையில் பணியாற்றியவர். இளமையிலேயே பெற்றோரை இழந்த ஆனி, பியோரியாவில் தமக்கையின் ஆதரவில் வளர்ந்தார். உடல்நலக் குறைவால் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றாலும், அங்கே வேதியியலில் உண்டான நாட்டம் அவரைவிட்டு நீங்கவில்லை.

தொழில் தொடக்கம்: அந்நாளில் கறுப்பினப் பெண்கள் கூந்தலைப் படியவைக்க வாத்துக் கொழுப்பையும் கனத்த எண்ணெய்களையும் பூசினர், நேராக்கக் கடுங்காரம் கலந்த கலவைகளைப் பயன்படுத்தினர். இவற்றால் தலைத்தோல் புண்பட்டு முடி உதிர்ந்தது. தலைத்தோலின் தூய்மையே முடி வளர்ச்சிக்கு அடிப்படை என்று தெளிந்த ஆனி, 1900ஆம் ஆண்டையொட்டி லவ்ஜாய் என்னும் சிற்றூரில் ‘ஒண்டர்ஃபுல் ஹேர் குரோயர்’ என்ற தைலத்தைத் தயாரித்தார். 1902இல் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். வழக்கமான விற்பனை வழிகள் கறுப்பினத்தாருக்கு அடைபட்டிருந்ததால், உதவிப் பெண்களுடன் வீடு வீடாகச் சென்று இலவசமாகத் தலைக்குத் தேய்த்துக் காட்டி விற்றார். கறுப்பினத்தார் நடத்திய செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, தென் மாநிலங்களில் பயணம் செய்து பெண் முகவர்களைச் சேர்த்தார். 1906இல் ‘போரோ’ வணிகக் குறியானது.

பின்னாளில் மேடம் சி. ஜே. வாக்கர் எனப் பெரும்புகழ் பெற்ற சாரா பிரீட்லவ், மலோனின் முகவராகவே இத்தொழிலில் நுழைந்தார். தலைத்தோல் பராமரிப்பு, முகவர் பயிற்சி என வாக்கர் பின்பற்றிய முறைக்கு அடித்தளமிட்டவர் மலோனே. எனவே இத்துறையின் முதல் பெருமை அவருக்கே உரியது.

போரோ கல்லூரி: 1918இல் செயின்ட் லூயிஸின் வில் பகுதியில் கட்டப்பட்டது. தொழிற்கூடம், வகுப்பறைகள், அரங்கம், உணவகம், தங்கும் அறைகள் அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்தன. நிறப்பாகுபாட்டால் விடுதிகளிலும் அரங்குகளிலும் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு இது தன்மதிப்போடு கூடும் இடமாயிற்று. பல பெண்களுக்குச் சொந்தக் காலில் நிற்கும் தொழிலைக் கற்றுத்தந்தது.

கொடை: ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை வழங்கினார். செயின்ட் லூயிஸ் கறுப்பின அனாதை இல்லத்தின் தலைவராக 1919 முதல் 1943 வரை தொண்டாற்றினார்.

பிற்காலம்: கணவர் ஏரன் மலோன் நிறுவனத்தில் பாதியைக் கோரியதால் எழுந்த வழக்கு, 1927இல் 2,00,000 டாலர் கொடுத்து முடிக்கப்பட்டது. 1930இல் தொழிலைச் சிகாகோவுக்கு மாற்றினார். வழக்குகளும் வரி நிலுவையும் நிறுவனத்தை நலிவித்தன. 1957 மே 10 அன்று சிகாகோவில் காலமானார். செயின்ட் லூயிஸ் குழந்தைகள் இல்லம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.