முதல் பேட்ச் வண்டி

மூக்கண்டப்பள்ளியில் புது வண்டி பற்றிய சேதி பேப்பர் விளம்பரத்துக்கு முன்னாடியே டீக்கடைக்கு வந்துவிடும். பின்னே, சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு வண்டிக்கு ஏதோ ஒரு பாகம் செய்கிறவர்கள்தானே. ஒருத்தர் பிராக்கெட் அடிப்பார், இன்னொருத்தர் ரப்பர் புஷ் போடுவார். டிராயிங் நம்பர் மாறினாலே "என்னமோ வருதுப்பா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கூடவே ஒரு அறிவுரையும் இலவசமாக வரும். "முதல் பேட்ச் மட்டும் எடுத்துடாதீங்க சார். ஒரு வருஷம் போகட்டும்."

வண்டி செய்கிற ஊர்க்காரனே இப்படிச் சொல்கிறானே, இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சும்மா பேச்சு? ஓசூர் வண்டிகளின் கதையையே எடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதுவும் வேகமான வண்டி, ஸ்போர்ட்ஸ் வண்டி விஷயத்தில். ஏனென்றால் மொபெட்டில் ஒரு சின்னக் குறை இருந்தால் சகித்துக்கொள்ளலாம். ரெண்டே முக்கால் லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியில் கண்ணாடி நடுங்கினால் தூக்கம் வருமா?

முதலில் 'முதல் வருஷம்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கம்பெனி ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் ஓட்டிச் சோதிப்பது உண்மைதான். ஆனால் சோதனை வண்டியில் இருக்கும் பாகம் பத்தோ இருபதோ, பார்த்துப் பார்த்துச் செய்தது. விற்பனை தொடங்கியதும் அதே பாகத்தை மூணு ஷிப்டில், வேறு வேறு ஆள், தேய்ந்துகொண்டே வரும் டையில் செய்ய வேண்டும். பைலட் லாட்டில் வராத குறை ஐயாயிரமாவது பீஸில் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, கம்பெனி டிரைவர் ஓட்டுவது போல நாம் ஓட்டுவதில்லை. ஹெப்பால் நெரிசலில் கிளட்சைப் பிடித்தபடியே ஒரு மணி நேரம் நிற்பவன், மழைத் தண்ணியில் முங்க விடுபவன், வாட்டர் வாஷில் பிரஷர் வைத்துப் பீய்ச்சுகிறவன் எல்லாம் விற்பனைக்கு அப்புறம்தான் வருவான். ஆக, சோதனையின் கடைசிக் கட்டத்தைச் செய்வது முதல் வாடிக்கையாளர்தான். சம்பளம் இல்லாமல், காசு கொடுத்து!

இந்தக் கதை நம்ம ஊரோடு முடிவதில்லை. அமெரிக்காவில் செவர்லே கார்வெட் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். 1953-ல் முதன்முதலாக 300 கார்தான் செய்தார்கள், எல்லாம் வெள்ளை நிறம், உள்ளே ஆறு சிலிண்டர் இன்ஜின், ரெண்டே ரெண்டு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். பார்க்கத்தான் ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காருக்கு உயிர் கொடுத்த வி8 இன்ஜின் வந்தது 1955-ல். முதலில் ஓடி வந்து வாங்கிய 300 பேருக்கு அது கிடையாது.

அதைவிட சுவாரசியம் அதே காரின் நான்காவது தலைமுறை. 1983 மாடலாக வரவேண்டியது, தயாரிப்புச் சிக்கல்களால் தள்ளிப் போய் 1984 மாடலாகவே விற்பனைக்கு வந்தது. 1983 என்று ஒரு மாடல் வருஷமே கடைக்கு வரவில்லை. சோதனைக்காகச் செய்தவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் தப்பி, கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் மியூசியத்தில் நிற்கிறது. அப்புறம் வந்த 1984 காரை 51,547 பேர் வாங்கினார்கள். குதிரைத் திறன் 205. ஸ்பிரிங் கட்டையோ கட்டை, முதுகு போய்விடும் என்று ஒரே புலம்பல். 1985-ல் ஸ்பிரிங்கை மென்மையாக்கி, இன்ஜினுக்குப் புது எரிபொருள் முறை கொடுத்து 230 குதிரை ஆக்கிவிட்டார்கள். ஒரே வருஷம் பொறுத்தவனுக்கு 25 குதிரை கூடுதல், முதுகும் பத்திரம்.

சரி, ஓசூருக்கு வருவோம்.

1980-ல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. ரெண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் என்பது அப்போது புதுசு. 1984-ல் சுசூகியோடு சேர்ந்து இந்த்-சுசூகி 100 சிசி பைக். ஜப்பான் கூட்டோடு இந்தியாவில் வந்த முதல் 100 சிசி பைக் அதுதான். ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் அடுத்த வருஷம். அந்த முதல் பேட்ச் இந்த்-சுசூகி வாங்கினவர் உண்மையில் பெரிய ரிஸ்க் எடுக்கவில்லை என்பது என் கணக்கு. தொழிற்சாலைதான் புதுசு, டிசைன் சுசூகிக்காரன் ஏற்கெனவே வெளிநாட்டில் விற்றுத் தேறிய டிசைன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், டிசைன் புதுசா, பட்டறை புதுசா, ரெண்டுமே புதுசா என்பது வேறு வேறு விஷயம்.

2001-ல் சுசூகி பிரிந்து போனது. அதே வருஷம் வந்த விக்டர் இவர்களே சொந்தமாக வடிவமைத்த பைக். கூட இருந்த ஜப்பான்காரன் கிளம்பிவிட்ட நேரத்தில், சொந்த டிசைனின் முதல் பேட்சை நம்பி வாங்கியவர்கள் தைரியசாலிகள்தான். அது நன்றாகவே போனது. அடுத்த வருஷம் கம்பெனிக்கு டெமிங் பரிசு வேறு.

வேகக்காரர்களுக்கான வண்டி என்றால் அப்பாச்சி. 2006-ல் அப்பாச்சி 150. விளம்பரம், விருது எல்லாம் பலமாக இருந்தது. 2007-லேயே ஆர்டிஆர் 160 வந்துவிட்டது. பெரிய இன்ஜின், ஹேண்டில் மாற்றம், டிஜிட்டல் மீட்டர். பழைய 150 ஒன்றும் கெட்டுப் போகவில்லை, அதே மாதிரிதான் ஓடியது. ஆனால் வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள் 'பழைய மாடல்காரர்' ஆகிவிட்டார். வண்டி ரிப்பேர் ஆவது ஒரு நஷ்டம், வண்டி பழசாவது வேறொரு நஷ்டம். விற்கப் போகும்போதுதான் ரெண்டாவது புரியும்.

இப்போ முக்கியமான வண்டிக்கு வருகிறேன். அப்பாச்சி ஆர்ஆர் 310.

2013 ஏப்ரலில் பி.எம்.டபிள்யூவும் டி.வி.எஸ்ஸும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐநூறு சிசிக்குக் கீழே வண்டிகள் செய்வதாகத் திட்டம். பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர் 2015 நவம்பரில் வெளியே காட்டப்பட்டு, ஓசூரில் தயாராகி வெளிநாடு போனது. 2016 ஆட்டோ எக்ஸ்போவில் அகூலா 310 என்று ஒரு கான்செப்ட் வண்டியை வைத்தார்கள், பார்த்தவன் எல்லாம் வாயைப் பிளந்தான். அது கடைக்கு வந்தது 2017 டிசம்பர் 6. டெல்லி ஷோரூம் விலை 2.05 லட்சம். 312.2 சிசி, 34 குதிரை. சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று முன்னாலிருந்து நுழையும், புகை பின்னால் போகும். வழக்கமான இன்ஜினைத் திருப்பி வைத்த மாதிரி.

இங்கே ஒரு விசேஷம். வண்டி முதல் வருஷம், ஆனால் இன்ஜின் முதல் வருஷம் இல்லை. ஏற்கெனவே ஜி 310 ஆர் வழியாக அதே இன்ஜின் உற்பத்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் கவலையே இல்லை என்று நினைப்போமா? குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு என்று வாங்கினவர்கள் புகார் சொன்னார்கள். அதே இன்ஜின்தான், ஆனால் ஃபிரேம் வேறு, உட்காரும் விதம் வேறு, ஹேண்டில் வேறு. அதிர்வு என்பது இன்ஜினில் பிறந்து நம் உள்ளங்கையில் போய் முடிகிற சமாசாரம், நடுவில் உள்ள எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பி.எம்.டபிள்யூ பக்கமும் ஒன்று நடந்தது. 2018-ல் அமெரிக்காவில் ஜி 310 வண்டிகளை ரீகால் செய்தார்கள். காரணம் இன்ஜினும் இல்லை, பிரேக்கும் இல்லை. சைடு ஸ்டாண்டைத் தாங்கும் ஃபிரேம் பகுதி! யார் நினைத்தார்கள், வண்டி ஓடும்போது இல்லாமல் நிற்கும்போது பிரச்சினை வரும் என்று.

ஆர்ஆர் 310-க்கு அப்புறம் நடந்ததுதான் என் கணக்கில் முக்கியம். 2018-லேயே ஈசியூ மென்பொருள் உட்பட சில மாற்றங்கள் செய்து, ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கும் கொடுத்தார்கள். 2019 மே மாதம் ஸ்லிப்பர் கிளட்ச் வந்தது. வேகமாகப் போகும்போது சடாரென்று கியர் குறைத்தால் பின் சக்கரம் துள்ளும், இது அந்த இழுப்பைத் தளர்த்திவிடும். பழைய வண்டிக்காரரும் ஷோரூமில் இதை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். முதல் பேட்ச்காரனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் 2020 ஜனவரியில் பிஎஸ்6 வண்டி வந்தது. விலை 2.40 லட்சம். திராட்டில் கேபிளுக்குப் பதில் மின்சாரக் கட்டுப்பாடு, மழை, நகரம், ஸ்போர்ட், டிராக் என நாலு மோடு, கலர் திரை, மிஷலின் டயர். டயரை வேண்டுமானால் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கேபிள் திராட்டில் வண்டியை மோடு வண்டி ஆக்க முடியுமா? வயரிங், ஈசியூ, சென்சார், மீட்டர் எல்லாமே மாற வேண்டும். அதற்கு வண்டியையே மாற்றிவிடலாம். 2021-ல் நாமே சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன் ஒரு கூடுதல் கிட்டாக வந்தது. 2024 செப்டம்பரில் 38 குதிரை, பக்கவாட்டில் சிறகு, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி. விலை 2.75 லட்சத்தில் ஆரம்பம்.

இதே மாவட்டத்தில் இன்னொரு கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலை. டிசைன் புதுசு, பட்டறை புதுசு, கம்பெனிக்கே வண்டி செய்யும் தொழில் புதுசு. 2021 ஆகஸ்ட் 15-ல் ஸ்கூட்டரை அறிவித்து, டிசம்பரில் டெலிவரி தொடங்கினார்கள். அறிவித்தபோது சொன்ன குரூஸ் கண்ட்ரோல், வழிகாட்டும் வரைபடம் எல்லாம் மென்பொருளாக 2022-ல்தான் வந்து சேர்ந்தது. 2022 மார்ச்சில் புனேயில் ஒரு ஸ்கூட்டர் எரிந்தது, ஏப்ரலில் 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைவதாகப் படங்கள் சுற்றின. 2023 மார்ச்சில் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவிப்பு வந்தது. மென்பொருள் தாமதமானால் எரிச்சலோடு போய்விடும். முன் ஃபோர்க் உடைந்தால் எரிச்சலோடு போகாது சாமி.

ஆக, "ஒரு வருஷம் போகட்டும்" என்று எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூணு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். எது புதுசு? இன்ஜின் பழசாகி, மேல் சட்டை மட்டும் புதுசானால் பயம் குறைவு. பின்னால் வரும் மாற்றம் பழைய வண்டியில் ஏறுமா? மென்பொருளும் கிளட்சும் ஏறும், ஃபிரேமும் வயரிங்கும் ஏறாது. மூணாவது, இந்தக் கம்பெனி இதற்கு முன் முதல் பேட்ச்காரனை எப்படி நடத்தியது?

இன்னொரு சின்ன விஷயம். அமெரிக்காவில் அடுத்த வருஷ மாடலை இந்த வருஷமே விற்பார்கள். நம்ம ஊரில் தயாரான மாசமும் வருஷமும்தான் ஆர்.சி.யில் ஏறும், பின்னால் விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். டிசம்பரில் ஷோரூம்காரர் தள்ளுபடி தருவதன் ரகசியம் இது. எந்த மாசம் தயாரான வண்டி என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

என் அக்கா பையன் இங்கே ஒரு வெண்டார் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறான். 2024 அக்டோபரில் புது ஆர்ஆர் 310 எடுக்கட்டுமா என்று கேட்டான். லோன்தான், மூணு வருஷத் தவணை. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், அக்காவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மேலே சொன்ன அத்தனையும் அவனிடம் சொன்னேன். இன்ஜின் எட்டு வருஷமாக ஓடுகிற குடும்பம், ஃபிரேமும் தெரிந்த ஃபிரேம், அதனால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இவர்கள் வருஷா வருஷம் எதையாவது கூட்டிக்கொண்டே போவார்கள், கோடை வரை பொறுத்தால் இன்னும் ஏதாவது சேர்ந்து வரும் என்றேன். "கோடை வந்தா மழைக்கு ஒண்ணு வரும்பீங்க மாமா" என்றான். தீபாவளிக்கு முன்னாலேயே வண்டி வீட்டு வாசலில் நின்றது, எலுமிச்சம்பழம் நசுங்கியது.

2025 ஏப்ரலில் அடுத்தது வந்தது. லாஞ்ச் கண்ட்ரோல், வளைவில் கியர் குறைக்கும்போது பின் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் ஒரு ஏற்பாடு, ஆரம்ப விலை 2.78 லட்சம். மூவாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். அவனிடம் சொன்னேன். அதற்குள் அவன் ஒகேனக்கல், ஏற்காடு, ரெண்டு தடவை வால்பாறை போய்வந்திருந்தான். லாஞ்ச் கண்ட்ரோலை அத்திப்பள்ளி டோல்கேட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டான்.