ஈரலெண்ணெயும் இருதயமும்

மீனெண்ணெய் தீவகத்தாருக்குப் புதிய பொருளன்று. மருந்துக் கடைகளிலே பொன்னிறக் குளிசைகளாக அஃது அடுக்கி வைக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே, மரக்கலங்களின் பலகைகளை உப்பு நீரினின்றும் கடற்புழுவினின்றும் காக்கும் பொருட்டுப் பூசப்பட்டு வந்தது. சுறாவின் ஈரலை உருக்கியெடுத்த அந்த எண்ணெயின் நாற்றத்தைச் சகித்துக்கொண்டவர் கடற்றொழிலாளர். முகஞ்சுளித்து விலகி நடந்தவர் ஊர்ப் பெரியவர். இன்று, புங்குடுதீவைச் சேர்ந்த இறுப்பிட்டி போன்ற ஊர்களிலே, கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் முதிய பெற்றோருக்குக் கொண்டுவரும் பொருள்களில் மீனெண்ணெய்ப் போத்தலும் ஒன்று. படகுக்குப் பூசிய நெய் நெஞ்சுக்கு மருந்தானது எவ்வாறு? இதனை வேதியியலின் வரலாறாக மட்டும் நோக்குதல் போதாது. சந்தையின் வரலாறாகவும் நோக்குதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, சென்னை மாகாண மீன்வளத்துறைப் பொறுப்பிலிருந்த பிரெடெரிக் நிக்கல்சனும் அவருக்குப்பின் வந்த ஜேம்ஸ் ஹோணலும் மலையாளக் கரையில் மத்தி மீனைக் காய்ச்சிப் பிழிந்து எண்ணெயெடுக்கும் தொழிலை ஊக்குவித்தனர். அவ்வெண்ணெய் அன்று எவருடைய இருதயத்துக்கும் போகவில்லை. தோல் பதனிடுவதற்கும் சணல் ஆலைகளுக்கும் போயிற்று. பிழிந்த சக்கை உரமாகிக் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. மலபார் மீனவன் பிடித்த மத்தி, மலைநாட்டிலே தமிழ்த் தொழிலாளி கொழுந்து பறித்த தேயிலைச் செடியின் வேருக்குச் சென்றது. இருவருடைய கிண்ணத்திலும் அதன் சாரம் எவ்வளவு விழுந்தது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

மருந்தாக மதிக்கப்பட்டது வேறோர் எண்ணெய்: வடகடலின் கொட் மீனின் ஈரலிலிருந்து எடுத்தது. குழந்தைகளின் எலும்பை வளைத்துவிடும் நோய்க்கு அது நல்லதென்பதை ஐரோப்பிய மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். காரணம் புலனானது பின்னரே. 1922இல் அமெரிக்க அறிஞர் மக்கொலம் அதிலுள்ள எலும்பு காக்கும் சத்தை விற்றமின் ஏ இனின்று வேறுபடுத்திக் காட்டினார். அதுவே விற்றமின் டி எனப்பட்டது. 1940 ஏப்பிரலில் ஹிற்லரின் படை நோர்வேயுட் புகுந்ததும் கொட்லிவர் ஒயிலின் வரத்து அறுந்தது. மறு ஆண்டின் இறுதியில் பிரித்தானிய அரசு தன் நாட்டுச் சிறுவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவ்வெண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. நல்ல திட்டந்தான்; ஆயின் மாலைக்கண் நோயால் வாடிய குடியேற்ற நாட்டுக் குழந்தைகளை அத்திட்டம் எண்ணவில்லை. இந்தியாவிலோ சுறாவின் ஈரல் துணைக்கு வந்தது. போர்க்காலத்தில் கோழிக்கோட்டிலே சென்னை மாகாண அரசு சுறா ஈரலெண்ணெய் உற்பத்தியை நடத்திற்று. விற்றமின் ஏ செறிந்த அவ்வெண்ணெய் கொட் எண்ணெய்க்கு மாற்றாகப் பயன்பட்டது. படகுக்குப் பூசிய பொருள் ஆஸ்பத்திரிப் படியேறியது அப்போதுதான். 1947இல் சுவிற்சர்லாந்திலே விற்றமின் ஏ செயற்கை முறையில் ஆக்கப்பட்டதும் சுறா ஈரலின் மவுசு சரிந்தது.

சந்தை வேறொரு நோயைத் தேடிக் காத்திருக்கவேண்டியதாயிற்று. அது கிறீன்லாந்திலே கிடைத்தது. 1970இல் பாங், டயர்பேர்க் என்னும் தென்மார்க்கு மருத்துவர் அங்கு சென்று, கடல்நாயையும் மீனையும் உண்டு வாழும் இனுவிற் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தனர். இரத்தக் கொழுப்பின் தன்மை வேறுபட்டிருந்தது. அம்மக்களிடம் மாரடைப்பு அரிதென்று கூறிய அரச மருத்துவ அறிக்கைகளோடு இதனை இணைத்து, கடலுணவிலுள்ள ஒமேகா 3 கொழுப்பமிலங்களே காரணமாகலாம் என்றனர். அவர்கள் மாரடைப்பைத் தாமே எண்ணிப் பார்க்கவில்லை. தூரத் தீவுகளிலே மருத்துவர் பார்வைக்கு எட்டாமல் இறந்தோர் எத்தனை பேர் என்பது அறிக்கைகளிலே வருவதில்லை. 2014இல் கனடாவைச் சேர்ந்த போடோரும் சகாக்களும் கிடைத்த சான்றுகளைத் திரட்டி, அம்மக்களுக்கும் இருதய நோய் ஏனையோரைப் போலவே இருந்தது எனக் காட்டினர். மருத்துவர் இல்லாத தீவிலே நோயும் இல்லையென்று எண்ணுவது தீவுவாசிகளாகிய நமக்குப் பழகிப்போன கொடுமையே. ஆயினும் அதற்குள் குளிசை உலகமெங்கும் பரவிவிட்டது.

சோதனைகளின் தீர்ப்பு ஒருமுகமானதன்று. 1999இல் வெளியான இத்தாலிய ஆய்வு, மாரடைப்புக்கு உள்ளாகித் தப்பிய 11,324 பேரில் நாளொன்றுக்கு 1 கிராம் அளவு பெற்றோரிடையே இறப்புக் குறைந்தது என்றது. 2018இலோ, 15,480 நீரிழிவு நோயாளரிடையே நடந்த பிரித்தானிய ஆய்விலும், 25,871 பேரிடையே நடந்த அமெரிக்க ஆய்விலும், 1 கிராம் குளிசையால் மாரடைப்பு முதலான பெருந்தீங்குகளின் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், சுத்திகரித்த ஈபிஏ என்னும் ஒரே கொழுப்பமிலத்தை நாளொன்றுக்கு 4 கிராம் வீதம் பெற்ற, இரத்தக் கொழுப்பு மிகுந்த நோயாளருக்குத் தீங்கு நூற்றுக்கு 25 வீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிய எண்ணெயே தீங்கு செய்திருக்கலாம் என்ற ஐயமும் உடனே எழுந்தது. 2020இல் வேறொரு கலவையை 4 கிராம் கொடுத்துப் பார்த்த சோதனை, பயனின்மையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இவ்விரு பெரும் அளவுச் சோதனைகளிலும் ஒரு தீமை மட்டும் பொதுவாய் இருந்தது: இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு எண்ணெய் பெற்றோரிடம் அதிகமாயிற்று.

வீட்டிலுள்ள போத்தலை என்செய்வது என்று மாணவர் பெற்றோர் கேட்பதுண்டு. முதலில் மேலொட்டிய தாளைப் படித்தல் வேண்டும். 1,000 மில்லிகிராம் என்று பெரிதாய் அச்சிட்ட குளிசையில் ஒமேகா 3 பெரும்பாலும் 300 மில்லிகிராமே. எஞ்சியது வேறு கொழுப்பு. மீனின் உடலெண்ணெயும் ஈரலெண்ணெயும் ஒன்றல்ல. ஈரலெண்ணெயை மிகுதியாய் விழுங்கினால் விற்றமின் ஏ உடலிலே தேங்கி நஞ்சாகும். கர்ப்பிணிகள் அதனைத் தொடலாகாது. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் முதலிய மருந்து உண்போரும், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தோரும், நெஞ்சு படபடப்பு உடையோரும் வைத்தியரிடம் சொல்லாமல் இதனை உண்ணுதல் தகாது. நமது வெயிலில் எண்ணெய் எளிதில் கெடும். கெட்ட நாற்றம் வந்தால் விலையை எண்ணாது வீசிவிடவேண்டியதே. இவை யாவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலே இலவசமாகத் தரும் கொழுப்பு மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் மலிவென்று இகழ்ந்து விட்டுவிட்டு, விலையுயர்ந்த வெளிநாட்டுப் போத்தலை நம்புவது. 2022இன் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அந்த இலவச மாத்திரையின் பெறுமதி ஏழைகளுக்கு நன்கு விளங்கிற்று.

மருந்தெனக் கொள்ளாது உணவென நோக்கின் நிலை வேறு. வாரம் இருமுறை மீன் உண்பதை இருதய மருத்துவர் பொதுவாக ஆதரிக்கின்றனர். விருந்துக்கு வைக்கத் தகாதெனப் பலர் கருதும் சூடையும் கீரியும் சாளையும் கொழுப்பு மிகுந்த சிறுமீன்கள். பருவத்துக்கேற்பக் கூடிக் குறையினும், இத்தகைய மீனில் 100 கிராம், மூன்று நான்கு குளிசைகளின் சத்தைத் தரவல்லது. புளிவிட்டு வைத்த குழம்பு நன்று. ஆழப் பொரித்தல் அத்துணை நன்றன்று. கருவாட்டின் உப்போ இரத்த அழுத்தத்துக்குப் பகை.

உலகின் மீனெண்ணெயிற் கணிசமான ஒரு பங்கு பெரு நாட்டுக் கடலின் நெத்தலி இனத்திலிருந்து வருகிறது. அங்கே அச்சிறுமீன் மக்களின் தட்டுக்குச் செல்வது சிறிதே. ஆலைக்குச் செல்வதே பெரிது. எண்ணெயின் பெரும்பகுதி பண்ணை மீன்களுக்குத் தீனியாகிறது. ஒரு பகுதி குளிசையாகிறது. நம் கடலின் கதை வேறு வகையில் துயரமானது. யுத்த காலத்தில் கடல் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தது. 1991இல் புங்குடுதீவு மக்கள் ஊரைவிட்டே பெயர்ந்தனர். 2009இன் பின் கடல் திறந்தபோது, தமிழகத்து இழுவைப் படகுகள் அடிக்கடல் வரை வாரிச் செல்வதைக் கண்டனர். அப்படகிற் கூலிக்கு நிற்பவனும் ஏழையே. இலாபம் படகுச் சொந்தக்காரனுக்கு. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடிக்கடல் இழுவைத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அறுந்த வலையைக் கரையிலே விரித்துவைத்து முறையிடும் தொழிலாளரின் குரல் அதன் பின்னரும் ஓயவில்லை.