மருதமுனையிலிருந்து கூமுனைக்கு

மருதமுனையின் பெயரில் மருதம் இருக்கிறது. தெற்கே, குமண தேசியப் பூங்காவின் எல்லையாக ஓடும் கும்புக்கன் ஆற்றின் பெயரிலும் அதே மரந்தான். சிங்களத்தில் கும்புக் எனப்படுவது நமது நீர்மருது. கதிர்காம யாத்திரிகர்கள் குமணவைக் கூமுனை என்பர். காலையில் மருதமுனையிற் புறப்பட்டால் இரவுக்குள் பார்த்துத் திரும்பலாம்.

பொத்துவிலைக் கடந்ததும் வயல்கள் குறைந்து, முட்புதரும் மணல்மேடும் தொடங்குகின்றன. பாலை தனி நிலமன்று, வறட்சியில் முல்லை கொள்ளும் கோலம் என்று பண்டையோர் கண்டதை இங்கே கண்ணாற் காணலாம். ஒகந்த முருகன் கோயிலை அடுத்துப் பூங்கா. யானை, சிறுத்தை, கரடி எல்லாம் உண்டு. எனினும் அதன் உயிர்நிலை ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரந்த குமண வில்லுதான். ஆற்றுநீர் ஒரு கால்வாய் வழியே வந்து நிரம்ப, கண்டல் மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 1970இல் தேசியப் பூங்காவாகிய இவ்விடம், 1985 முதல் 2003 வரை போரினால் மூடிக் கிடந்தது.

மருதமுனையோ தறியும் தமிழும் வளர்ந்த ஊர். சாரமும் சேலையும் நெய்த தெருக்களிலிருந்து புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனும், சிறுகதையாளர் மருதூர்க்கொத்தனும் வந்தனர். வடக்கே ஒட்டினாற்போல் பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணனின் ஊர். 1975இல் மறைந்த அவரைச் சூழ்ந்து வளர்ந்தோரில் மருதூர்க்கொத்தனும், கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமானும் உண்டு. நுஃமான் 1981இல் பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி வெளியிட்டார். பிறர் நிலத்துத் துயரை மொழிபெயர்த்த இக்கரைக்கு அத்துயர் சொந்தமாக அதிக காலம் ஆகவில்லை.

1990 ஆகஸ்டில், காத்தான்குடியில் தொழுகையில் நின்ற முஸ்லிம்களும், வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்களும் ஒரே மாதத்திற் கொல்லப்பட்டனர். அதன்பின் அடுத்த ஊருக்குப் போய்க் கவிதை வாசிப்பதே துணிச்சலான செயலாயிற்று. இலக்கிய வரலாறு எழுதுவோர் இதை ஒரு வரியிற் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை.

2004 டிசம்பர் 26இல் ஒரே ஆழிப்பேரலை இரண்டு முனைகளையும் தாக்கியது. மருதமுனையின் கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என அரசு முதலில் விதித்தது, பின்னரே தளர்த்தியது. வில்லுக்குப் பறவைகள் திரும்பிவந்தன. குழித்தறி அப்படியன்று, அதற்கு இடம் வேண்டும், நூல் வாங்க முதல் வேண்டும், கால் மிதிக்கப் பழகிய ஒருவர் மிஞ்சியிருக்கவும் வேண்டும்.